வாக்கிய நிலை என்று நான் போட்டது

ஆரணியில் நான் பார்த்த வேலைக்கு ஊரில் சரியான பெயர் கிடையாது. டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தப் பள்ளி என்று கேட்டால் மட்டும் எனக்கு நாலு வாக்கியம் தேவைப்படும். பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வந்து, ஓராண்டோ ஈராண்டோ படிக்கவைத்து, அவரவர் வயதுக்கேற்ற வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதற்காக அரசு நடத்திய மையம் அது. ஒரே அறை, ஒரே ஆசிரியை. ஒரு காலத்தில் நூல் கிடங்காக இருந்த கட்டிடம், பெரிய பள்ளியின் மதிலை ஒட்டி, மதிலுக்கு வெளியே. பெரிய பள்ளியில் அடிக்கும் மணி எங்களுக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் அது எங்களுக்காக அடிக்கும் மணி இல்லை.

ஆறு வருடம் அங்கே இருந்தேன். ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டு, இன்னொரு வருடத்துக்கு டீச்சராக இருப்பேன்.

என் சொந்த ஊர் தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நயினார் வீடு, அதாவது தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி நிலம் உழுகிற சமணக் குடும்பம். ஆரணியில் மாடி அறை வாடகைக்குக் கேட்டபோது, ஜைனர் என்று சொன்னதும் வீட்டுக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, “சேட்டம்மாவா? தமிழ் நல்லா பேசறீங்களே!” என்றார். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு வாரம் ஆனது. விளங்கியதா என்பது இன்றுவரை சந்தேகம்தான். தம்பி குடும்பம் கிராமத்தில். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அமையாததில் என் வாய்க்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். எல்லாவற்றையும் விட்டவள், அதை மட்டும் விடவில்லை. ஐந்தரைக்குச் சோறு வடித்து, ஆறு அடிப்பதற்குள் தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். பிறகு? தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். ஏழு ஏழரைக்குத்தான் பக்கத்து வீடுகளில் தாளிக்கிற வாசனை கிளம்பும். கூப்பிடுகிற குரல், ஜல்தி வா என்கிற அதட்டல், தட்டு வைக்கிற சத்தம் எல்லாம் வரிசையாகக் கேட்கும். ஊர் முழுக்கச் சாப்பிட உட்காரும் நேரத்தில் நான் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்தவளாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். தனிமை என்றால் எனக்கு அந்த நேரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒவ்வொரு ஜூனிலும் ஒரு படிவம் வரும். பெயர், வயது, சமூகம், தாய்மொழி, தந்தை தொழில், நின்ற வகுப்பு. முன்பு தாளில் நிரப்பினோம், பிறகு செல்போனில். அதை நிரப்ப உட்காரும்போதுதான் என் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கே தெளிவாகும். பாதிக்கு மேல் பட்டுத்தறி வீட்டுப் பிள்ளைகள். அரிசி ஆலையில் மூட்டை தூக்க வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் சிலர். தாய்மொழி என்ற இடத்தில் இந்தி என்று போடப் போனால் அதெல்லாம் இல்லை என்று தலையாட்டுவார்கள். அவர்கள் சொல்கிற மொழியின் பெயர் என் பட்டியலில் இருக்காது. ஏரிக்கரையிலிருந்து வந்த அண்ணன் தம்பிக்குப் பிறந்த தேதி கிடையாது. மழை அடித்து ஊற்றிய வருஷம் என்று அவர்கள் அம்மா சொன்னதை நான்தான் ஒரு தேதியாக மாற்றினேன். மெக்கானிக் கடையிலிருந்து பிடித்து வந்த ஒருவன் வீட்டில் உருது பேசுவான், கணக்கை மட்டும் தமிழில் போடுவான். சமூகம் என்ன என்று கேட்டால் எல்லோரும் சத்தமாகச் சொல்வார்கள். பெரிய பள்ளியில் சேர்ந்த பிறகுதான் அதை மெதுவாகச் சொல்லக் கற்றுக்கொள்வார்கள்.

படிப்பை அளக்க எங்களுக்கு நாலு படிகள் உண்டு. எழுத்து, சொல், வாக்கியம், பத்தி. எழுத்து அடையாளம் தெரிந்தால் எழுத்து நிலை. கூட்டிப் படித்தால் சொல் நிலை. அப்படியே மேலே போய், ஒரு பத்தியைத் தடையின்றிப் படித்து, அதில் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னால் பத்தி நிலை. பத்தி நிலைக்கு வந்தவர்களை ஜூனில் பெரிய பள்ளிக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பியதும் அவர்கள் பெயர் என் பட்டியலிலிருந்து போய்விடும், அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணும் கூடவே போய்விடும். படிப்பு வந்துவிட்டவர்கள் கிளம்பிவிடுவார்கள், வராதவர்கள் என் கணக்கில் நிற்பார்கள். ஆக, என் மையத்தின் தேர்ச்சி எந்த வருடமும் மட்டம்தான்.

மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் இதைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். நன்றாக இருக்கிற மையங்கள் பச்சை, சுமார் மஞ்சள், நாங்கள் சிவப்பு. என்னைவிடப் பதினைந்து வயது இளைய மேற்பார்வையாளர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டார்:

“மேடம், உங்க சென்டர் மட்டும் ஏன் எப்பவுமே ரெட்லயே இருக்கு?”

“நல்லா படிக்கிறவங்கள எல்லாம் நீங்க எடுத்துகினு போயிடறீங்க சார். மீதி பேர வச்சிகினு நான் பச்சைக்கு எங்க போறது?”

கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரே பெருமை. அதைச் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் இல்லையே என்பது மாடி ஏறும்போதுதான் உறைத்தது.

பெரிய பள்ளிக்குப் போன பிள்ளைகள் என்னைப் பார்த்தால் பேச மாட்டார்கள். மையத்திலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் மற்றவர்கள் கிண்டல் செய்வார்களாம். சீருடையில் எதிரே வருவார்கள், என்னைக் கண்டதும் பையின் வாரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொள்வார்கள். அது நல்ல அடையாளம், பிள்ளைகள் அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வருத்தமில்லை என்றும் சொல்லிக்கொள்வேன். வருத்தம்தான்.

ஆறாவது வருடம் ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டு வயது. நோய்க் காலத்தில் பள்ளிகளை மூடியபோது வீட்டோடு நின்றவள், திறந்தபோது தறியில் இருந்தாள். அப்பா வெளியூர் போனவர் போனவர்தான். அம்மா நெய்தது கோர்வைப் புடவை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒருவரே நெய்ய முடியாது. நெய்கிறவர் நடுவில் உட்கார்ந்து, ஊடுநூல் சுற்றிய நாடாவை வீச, இன்னொருவர் ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கான நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். அந்த ஓர ஆளாக மகளை உட்கார வைத்திருந்தார் அந்தத் தாய்.

நான் அவர்கள் வீட்டுக்கு நாலு முறை நடந்தேன். நாலாவது முறை அவர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

“ஒரு வருஷம் டீச்சர். ஒரு வருஷம் வுடறேன். அடுத்த ஜூன்ல அவ வயசுப் பசங்களோட பெரிய ஸ்கூல்ல உக்காரணும். அப்படி உக்காந்துட்டா அப்பறம் நான் அவள தறிக்குக் கூப்பிட மாட்டேன். இல்லன்னா எங்கிட்டயே குடுத்துடுங்க. ரெண்டும் கெட்டானா என் பொண்ணு நிக்கக் கூடாது.”

“ஒரு வருஷம் போதும்மா. நான் பொறுப்பு” என்றேன். நான் பொறுப்பு என்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

மகளை அனுப்பிய பிறகு அவர் கோர்வையை விட்டுவிட்டு, தனி ஆளாக நெய்யக்கூடிய ஒரே நிறப் புடவைக்கு மாறினார். அதற்குக் கூலி குறைவு. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பெண்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

அவள் படித்த வேகம் எனக்குப் புதிது. வரும்போது எழுத்துகள் பாதி மறந்துபோயிருந்தன. தீபாவளிக்குள் சொற்கள் வந்தன, பொங்கலுக்குள் வாக்கியம். ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வரியைக் கடகடவென்று படிப்பாள். வரி முடிந்ததும் நின்று, தலை தூக்கி என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால்தான் அடுத்த வரி. முதலில் எனக்குப் புரியவில்லை, படிக்கத் தெரியாமல் திணறுகிறாள் என்றே நினைத்தேன். பிறகு கேட்டேன்.

“ஏன் நிக்கிற? படிச்சிகினே போ.”

“அம்மா தலையாட்டினாதான் டீச்சர் நான் நாடா குடுப்பேன். முன்னாடியே குடுத்தா இழை அறுந்துடும், திட்டு வுழும்.”

தறியோரத்தில் ஊறிய பழக்கம். இழை அறுந்துவிடும் என்ற பயம் அவளுக்குப் புத்தகத்திலும் இருந்தது. தடுமாற்றமே இல்லை, அனுமதிக்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். இதை நான் தெரிந்துகொண்டேன் என்பதை இங்கே அழுத்தி எழுத வேண்டும். தெரியாமல் செய்தேன் என்று பிறகு சொல்ல எனக்கு வழியில்லை.

நாலு மணிக்கு மற்றவர்கள் பறந்துவிடுவார்கள். அவள் மட்டும் அரைமணி நேரம் இருப்பாள். நான் பதிவேடு எழுத, அவள் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவாள். தறியைப் பற்றி, தெருவில் யார் யாரோடு சண்டை என்பதைப் பற்றி, தேவிகாபுரத்துக் கோயில் திருவிழாவில் தொலைந்துபோய்க் கிடைத்ததைப் பற்றி. மூச்சு விடாமல் பேசுகிற பிள்ளை. ஒருநாள் திடீரென்று கேட்டாள்:

“டீச்சர், வூட்ல நீங்க யாராண்ட பேசுவீங்க?”

“யாராண்டயும் இல்ல.”

“பேஜாரா இருக்காதா?”

“இருக்கும்.”

“அதான் இங்க அவ்ளோ பேசறீங்க” என்றாள்.

நான் பேசுவதாகவா? அவள்தானே பேசிக்கொண்டிருந்தாள் என்று எனக்குச் சுருக்கென்றது. அன்று வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். தம்பி மனைவி சொன்ன சொல், வீட்டுக்கார அம்மாவின் குத்தல், ஆய்வுக் கூட்டத்துச் சிவப்பு என்று எல்லாவற்றையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் பெரிய மனுஷிபோல் “வுடுங்க டீச்சர்” என்பாள். அந்த அரைமணியை வைத்துக்கொண்டுதான் நான் சாயங்காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மேற்பார்வையாளர் போன் செய்தார். அடுத்த வருடத்துக்குப் பட்டியலில் பதினைந்து பேர் இல்லையென்றால் என் மையத்தைச் சேத்துப்பட்டு மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம்.

“உங்களுக்கு இப்ப எத்தன பேர் மேடம் கன்டினியூ ஆவாங்க?”

எண்ணிப் பார்த்தேன். பெரிய பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்கள் போக, புதிதாகத் தேடிப் பிடித்தவர்களையும் சேர்த்துப் பதினாலு.

“ஒண்ணு குறையுது சார்.”

“பாத்துக்கங்க” என்று வைத்துவிட்டார். பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் மதிப்பீடு. எங்கள் மையத்தில் கேட்பதும் நான்தான், மதிப்பெண் போடுவதும் நான்தான். குளத்தைத் தூர்வாருவதைப் பற்றி ஒரு பத்தி கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் எதிரே உட்கார்ந்து படித்தாள். ஒவ்வொரு வரி முடிவிலும் நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கேள்விகள் அத்தனைக்கும் பதில் சொன்னாள். ஒரு கேள்வி தப்பு என்றுகூடச் சொன்னாள், பத்தியில் அப்படி இல்லையாம். அவள் சொன்னதுதான் சரி.

அவள் எழுந்து போனதும் படிவத்தைப் பார்த்தேன். பத்தியைத் தடையின்றிப் படிக்கிறார், ஆம் அல்லது இல்லை. தடையின்றி. வரிக்கு வரி நிற்கிறாளே, அது தடைதானே என்று மனது ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டது. இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். வாக்கிய நிலை என்று எழுதி, அதையே செல்போனிலும் ஏற்றினேன். ஒரு படிதான் கீழே. பதினைந்து ஆகிவிட்டது.

யார் கேட்டாலும் சொல்ல எனக்கு நல்ல காரணம் இருந்தது. மையம் மூடினால் மீதிப் பதினாலு பேர் சேத்துப்பட்டுக்குப் பஸ் ஏறிப் போவார்களா? போக மாட்டார்கள். அவர்களுக்காகச் செய்தேன். ரொம்ப நாள் இதை நானும் நம்பினேன். ஆனால் பதினைந்தாவது ஆளாக நிறுத்த, பெரிய பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேருமே சுமாராகப் படிக்கிறவர்கள். இன்னொரு வருடம் இருந்தால் அவர்களுக்கு நல்லதாகக்கூட இருந்திருக்கும். அவர்களை விட்டுவிட்டு அவளை நிறுத்தினேன். ஏனென்றால் அவள் போய்விட்டால் நாலு மணிக்கு மேல் எனக்குப் பேச ஆளில்லை. ஜூனில் அவளும் சீருடையில் எதிரே வந்து பையைச் சரி செய்துகொண்டு குனிவாள். அதை நினைத்தேன், பேனா தானாகப் போய்விட்டது என்று எழுதலாம். பேனா தானாகப் போகாது. நான்தான் போட்டேன்.

மே முதல் வாரம் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். நிலை என்ன என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே ஆசிரியர் குறிப்பு, அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்து. அந்தத் தாய் காலையில் பாதிப் புடவையில் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் பக்கத்தில் நின்றாள். எண்ணெய் வைத்து வாரி, புது ரிப்பன் கட்டியிருந்தாள். பெரிய பள்ளியில் எந்த செக்‌ஷன் என்று இன்று தெரிந்துவிடும் என்று தெருவில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

தாளை நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்.

“இன்னா டீச்சர் எழுதிக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. இன்னும் ஒரு வருஷம் இங்க இருந்தா நல்லா கெட்டியா ஆயிடுவான்னு...”

அவர் முகம் மாறியது. என்னை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

“நீ படி.”

அவள் தாளை வாங்கினாள். அந்த அறையில் இன்னும் ஏழெட்டுப் பெற்றோர் இருந்தார்கள். அவள் படித்தாள்:

“இம்மாணவி சொற்களையும் எளிய வாக்கியங்களையும் படிக்கிறார். பத்தியைத் தடையின்றிப் படிக்க இயலவில்லை. வரி முடிவில் தயங்குகிறார். எனவே மேலும் ஓராண்டு மையத்தில் பயிற்சி தொடரப் பரிந்துரைக்கப்படுகிறது.”

நாலு வரி. எங்கேயும் நிற்கவில்லை. தலை தூக்கவில்லை. என் தலையாட்டல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. பரிந்துரைக்கப்படுகிறது என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை, அதையும் ஒரே மூச்சில் படித்தாள். படித்துவிட்டுத் தாளை அம்மாவிடம் கொடுத்தாள்.

அந்தத் தாய்க்கு எல்லாச் சொல்லும் புரிந்திருக்காது. படிக்க இயலவில்லை என்பது புரிந்தது. ரொம்பச் சாதாரணமாக, சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டார்:

“டீச்சர், இத இப்ப படிச்சது யாரு?”

ஆய்வுக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் மடக்கிப் பேசியவள் நான், கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவை நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை, கோபித்துக்கொண்டு கத்தவும் இல்லை. தாளை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டு, “வரோம் டீச்சர்” என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்றேன். மேற்பார்வையாளரிடம், தப்பாகப் போட்டுவிட்டேன், மாற்ற வேண்டும் என்றேன்.

“லாக் ஆயிடுச்சு மேடம். நீங்களேதான் போட்டீங்க, நீங்களே தப்புன்னா மேல நான் என்ன பதில் சொல்றது? டிசம்பர்ல அடுத்த அசெஸ்மென்ட் வரும், அப்ப ஏத்தி விட்டுடுங்க.”

“அது வரைக்கும் அந்தப் பொண்ணு?”

“உங்க சென்டர்லதானே இருக்கப் போறா? எங்க போயிடப் போறா?”

பெரிய பள்ளித் தலைமை ஆசிரியையிடம் போனேன். நல்ல மாதிரியான பெண்மணி. உட்கார வைத்து மோர் கொடுத்தார். “பதிவ மாத்தி எடுத்துகினு வாங்க, அன்னிக்கே எட்டாவதுல சேத்துக்கறேன். வாக்கிய நிலைன்னு இருக்கிற பொண்ண நான் எட்டாவதுல வச்சா நாளைக்கு என்னையில்ல கேப்பாங்க?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கணக்குக்காகவும் எனக்காகவும் வேண்டுமென்றேதான் போட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் துணிந்து ஏதாவது செய்திருப்பார் என்று இன்றும் தோன்றுகிறது. கவனக்குறைவு என்றுதான் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம்.

ஜூன் மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டிசம்பர் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். தறியில் புதுப் பாவு நூல் ஏற்றியிருந்தார்கள். உடல் பச்சை, கரை அரக்கு. கோர்வை. தாய் நடுவில், அவள் ஓரத்தில். என்னைப் பார்த்ததும் அவள்தான் முதலில், “உக்காருங்க டீச்சர்” என்றாள். ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். வீட்டுக்கு வருகிற பட்டுக்கடை ஆளிடமும் அப்படித்தான் சொல்வாள் போலிருந்தது.

“டிசம்பர்ல கண்டிப்பா மாத்திடலாம்மா. ஆறு மாசம்தான்.”

தாய் கையை நிறுத்தாமலே சொன்னார். “நீங்க கேட்டீங்க, ஒரு வருஷம் வுட்டேன் டீச்சர். நீங்க பொறுப்புன்னீங்க. இனிமே நான் பாத்துக்கறேன்.”

“தப்பு என் பேர்லதாம்மா. அவ நல்லா படிக்கிறா.”

“அது எனக்குத் தெரியும்” என்றார். “எனக்குப் படிக்கத் தெரியாது, காது கேக்கும்.”

மகள் பக்கம் திரும்பினார். தலையாட்டினார், அவள் நாடாவைக் கொடுத்தாள். ஏதாவது சொல்வாளா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்னிடம் மூச்சு விடாமல் பேசிய பிள்ளை. அவள் கண் இழையிலேயே இருந்தது. இழை அறுந்தால் திட்டு விழும் இல்லையா. கொஞ்ச நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடம் நேராக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அம்மாவிடம் பேசியதோடு சரி என்று விட்டுவிட்டேன்.

அவள் வராததால் மீண்டும் பதினாலு பேர்தான். ஜூலைக் கடைசியில் உத்தரவு வந்தது, மையத்தைச் சேத்துப்பட்டோடு சேர்த்தார்கள். ஏரிக்கரை அண்ணன் தம்பி இருவரும் ஒரு வாரம் பஸ்ஸில் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். மெக்கானிக் கடைப் பையன் அதற்கும் முன்பே கடைக்குப் போய்விட்டான். நான் மட்டும் இன்றும் தினமும் காலையில் அந்தப் பஸ்ஸில் போகிறேன். சாயங்காலம் திரும்பி வந்து, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு முடிக்கிறேன்.

மையத்தை மூடும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் செல்போனில் கடைசியாக ஒரு பதிவு போட வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கு மாற்றம் என்று போட்டேன். அவளுக்குத் தொடரவில்லை என்று போட்டதும், காரணம் கேட்டது. தொட்டால் கீழே பட்டியல் விரிந்தது. இடம்பெயர்வு. நோய். திருமணம். பெற்றோர் விருப்பமின்மை. மேலும் கீழுமாக மூன்று முறை தள்ளிப் பார்த்தேன். ஆசிரியை என்று ஒரு காரணம் அதில் இல்லை. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்.

“பேரன்ட்ஸ் விருப்பமில்லன்னு போட்டு முடிங்க மேடம். எல்லாரும் அதான் போடறாங்க.”

போட்டேன். மகளுக்காக ஒரு வருடம் கோர்வையை விட்டுவிட்டுத் தனியாகத் தறியில் உட்கார்ந்த அந்தத் தாய், அரசாங்கத்தின் கணக்கில் இன்று பிள்ளையைப் படிக்க அனுப்ப விருப்பமில்லாதவர். அவருக்கு அது தெரியாது. அவர் படிக்கச் சொன்னால் படித்துச் சொல்ல அவர் மகளால் முடியும், ஆனால் அந்தப் பக்கம் என் கடவுச்சொல்லுக்குத்தான் திறக்கும்.